கை எப்படி அசைகிறது? கை என்ன செய்கிறது?
பெருமூளை வாதமும் கையசைவுகளின் வகைப்பாடும்

அல்லாஹ் மனிதனுக்கு வழங்கிய அருட்கொடைகளுள் கை தனித்துவமானது. ஒரு கையில், மணிக்கட்டையும் சேர்த்து, 27 என்புகள் உள்ளன. விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை. அவை முன்கையில் இருந்துகொண்டு நீண்ட தசைநாண்களால் விரல்களை இழுக்கின்றன. மேசையில் இருக்கும் தேநீர்க் கோப்பையை எடுத்து வாயருகே கொண்டுவரும் செயலைச் சற்று எண்ணிப் பாருங்கள். தோள் முன்னே நகர்கிறது. முழங்கை நீள்கிறது. முன்கை திரும்புகிறது. மணிக்கட்டு சற்றே மேல்நோக்கி நிமிர்கிறது. கோப்பையைத் தொடும் முன்னரே விரல்கள் அதன் அளவுக்கு ஏற்ப விரிந்துவிடுகின்றன. ஓரிரு விநாடிகளில் நடந்து முடியும் இச்செயலை நாம் கவனிப்பதே இல்லை.

ஆனால் இந்த ஒழுங்கில் ஏதேனும் ஒரு படி தவறினால் கோப்பை கைக்கு வராது. பெருமூளை வாதம் உள்ள பலரது அன்றாட அனுபவம் இதுவாகும். அவர்களது கைகள் எவ்வாறு அசைகின்றன என்பதை வைத்தியர்களும் சிகிச்சையாளர்களும் எப்படி வகைப்படுத்துகிறார்கள், அவ்வாறு வகைப்படுத்துவதால் யாருக்கு என்ன நன்மை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெருமூளை வாதம் என்பது யாது?

கருவிலோ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்கு ஏற்படும் பாதிப்பினால் அசைவிலும் உடல்நிலையிலும் நிரந்தரமாகத் தோன்றும் குறைபாடுகளின் தொகுதியே பெருமூளை வாதம் எனப்படுகிறது. உலகில் 1000 குழந்தைகளுக்கு ஏறத்தாழ 2 பேர் இவ்வாறு பிறக்கின்றனர். இது தொற்றுநோய் அன்று. மூளையில் ஏற்பட்ட பாதிப்பும் நாளுக்கு நாள் பெருகுவதில்லை. எனினும் பிள்ளை வளர வளர, இறுகிய தசைகள் என்புகளின் வளர்ச்சிக்கு ஈடுகொடுக்காமல் குறுகுவதால், கையின் தோற்றமும் இயக்கமும் மாறக்கூடும்.

இதனை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த வைத்தியர் வில்லியம் ஜோன் லிட்டில் ஆவார். சிறு வயதில் நோயுற்றதால் அவரது பாதமே வளைந்திருந்தது. கடினமான பிரசவத்துக்கும் குறைமாதப் பிறப்புக்கும் பிள்ளைகளின் கை, கால் இறுக்கத்துக்கும் தொடர்பு உண்டு என 1861 இல் அவர் எடுத்துரைத்தார். நெடுங்காலம் இந்நிலை 'லிட்டிலின் நோய்' என்றே அழைக்கப்பட்டது. பிற்காலத்தில் உளப்பகுப்பாய்வின் தந்தை எனப் புகழ்பெற்ற சிக்மண்ட் பிராய்டும் நரம்பியல் வைத்தியராக இருந்தபோது இதுபற்றி எழுதியுள்ளார். பிரசவம் கடினமானதே கருவில் முன்னரே ஏற்பட்ட ஒரு கோளாறின் விளைவாக இருக்கலாம் என்பது 1897 இல் அவர் முன்வைத்த கருத்து. இன்றைய ஆய்வுகள் பிராய்டின் கருத்துக்கும் வலுச்சேர்க்கின்றன.

முதலாவது கேள்வி: எவ்வகையான அசைவு?

மூளையின் எப்பகுதி பாதிக்கப்பட்டது என்பதைப் பொறுத்துக் கையின் அசைவு வேறுபடுகிறது. இதன் அடிப்படையில் மூன்று பெரும் வகைகள் கூறப்படுகின்றன.

முதலாவது இறுக்க வகை. பெருமூளை வாதம் உள்ளவர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் இவ்வகையினரே. மூளையத்தின் இயக்கப் பகுதியிலிருந்து புறப்படும் நரம்பு நார்கள் நீள்வளைய மையவிழையத்தில் பெரும்பாலும் மறுபக்கத்துக்குக் கடந்து, முண்ணாண் வழியே இறங்குகின்றன என்பதை உயிரியலில் கற்றிருக்கிறோம். ஆகவே மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் வலக்கை பாதிக்கப்படும். மூளையிலிருந்து வரும் கட்டுப்பாடு குறையும்போது தசையின் தெறிவினை அளவுக்கு மீறி எழுகிறது. தசையை வேகமாக நீட்ட முயன்றால் அது மேலும் இறுகி எதிர்க்கும். மெதுவாக நீட்டினால் எதிர்ப்புக் குறைவாக இருக்கும். வைத்தியர் பிள்ளையின் முழங்கையை ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை விரைவாகவும் நீட்டிப் பார்ப்பது இதனை அறிவதற்காகத்தான்.

இரண்டாவது, விருப்பமின்றித் தோன்றும் அசைவு வகை. இங்கு மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள நரம்புத் திரட்டுகள் பாதிக்கப்பட்டிருக்கும். சிலரில் கை முறுகிய ஒரு நிலையிலேயே சிறிது நேரம் நின்றுவிடும். இது டிஸ்டோனியா எனப்படும். சிலரில் விரல்கள் ஓரிடத்தில் நில்லாமல் மெதுவாக நெளிந்துகொண்டிருக்கும். இதற்கு 1871 இல் அமெரிக்க வைத்தியர் வில்லியம் ஹமண்ட் 'அதெற்றோசிஸ்' எனப் பெயரிட்டார். நிலையான இடம் இல்லாதது என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். பிறந்த சிசுவுக்கு ஏற்படும் மிகக் கடுமையான செங்கண்மாரி சிகிச்சையின்றி விடப்பட்டால் இத்திரட்டுகள் சேதமடையும். இப்போது சிசுக்களை நீல ஒளியின் கீழ் வைத்துச் சிகிச்சை அளிப்பதன் பயன்களுள் ஒன்று இதனைத் தடுப்பதாகும்.

மூன்றாவது, ஒருங்கிணைப்புக் குறைந்த வகை. இங்கு பாதிப்பு மூளியில், அதாவது சிறுமூளையில், உள்ளது. கையில் பலம் இருக்கும். ஆனால் கோப்பையை நோக்கிச் செல்லும் கை நடுங்கும், அல்லது இலக்கைத் தாண்டிச் சென்றுவிடும். இவ்வகையினர் மிகச் சிலரே. ஒரே பிள்ளையில் இரு வகைகள் கலந்து காணப்படுவதும் உண்டு.

இப்பெயர்கள் வெறும் பெயர்கள் அல்ல. இறுக்க வகையில் ஒரு தசைநாணை இடம்மாற்றிப் பொருத்தும் சத்திரசிகிச்சை நல்ல பலனைத் தரலாம். டிஸ்டோனியா உள்ள கையில் அதே சத்திரசிகிச்சையின் முடிவை முன்கூட்டியே சொல்வது கடினம். முன்னர் உள்நோக்கி வளைந்த கை பின்னர் எதிர்ப்பக்கம் வளைந்து நிற்கவும் கூடும். எனவே வகையைத் தவறாகக் கணித்தால் ஒரு பிள்ளையின் கைக்கே தீங்கு நேரலாம்.

இரண்டாவது கேள்வி: எந்த மூட்டில், எவ்வளவு?

இறுக்க வகையில் கை பெரும்பாலும் ஒரு குறித்த தோற்றத்தைப் பெறுகிறது. மேற்கை உடலோடு ஒட்டி உள்நோக்கித் திரும்பும். முழங்கை மடியும். உள்ளங்கை கீழ்நோக்கும். மணிக்கட்டு வளைந்து தொங்கும். பெருவிரல் உள்ளங்கைக்குள் மடிந்துவிடும். மடக்கும் தசைகள் நீட்டும் தசைகளை வென்றுவிடுவதே இதற்குக் காரணமாகும்.

இங்கு ஒரு சிறிய பரிசோதனையை நீங்களே செய்து பார்க்கலாம். உங்கள் மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக இயன்றவரை வளைத்துக்கொண்டு, பேனா ஒன்றை இறுகப் பிடிக்க முயலுங்கள். பிடி தளர்ந்திருப்பதை உணர்வீர்கள். மணிக்கட்டு வளையும்போது விரல்களை நீட்டும் தசைநாண்கள் இழுபடுவதால் விரல்கள் தாமாகவே விரிய முனைகின்றன. மணிக்கட்டை நிமிர்த்தினால் விரல்கள் தாமாகவே மடிய முனைகின்றன. வளைந்த மணிக்கட்டுடன் வாழும் ஒருவருக்கு ஒவ்வொரு பொருளையும் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது இதிலிருந்து விளங்கும்.

ஆர்ஜென்டினாவைச் சேர்ந்த கைச் சத்திரசிகிச்சை நிபுணர் எதுவார்தோ சன்கோலி வகுத்த முறை இந்தத் தொடர்பையே அடிப்படையாகக் கொண்டது. மணிக்கட்டை நிமிர்த்தியவாறு, அல்லது 20 பாகைக்குக் குறைவாக வளைத்தவாறு, விரல்களை நீட்ட முடிந்தால் அது முதலாம் தொகுதி. மணிக்கட்டை 20 பாகைக்கு மேல் வளைத்தால் மட்டுமே விரல்களை நீட்ட முடியுமாயின் இரண்டாம் தொகுதி. எவ்வளவு வளைத்தாலும் விரல்கள் நீளாவிடின் மூன்றாம் தொகுதி. இரண்டாம் தொகுதியிலும், விரல்களை மடக்கியபடி மணிக்கட்டை நிமிர்த்த முடிந்தவர், முடியாதவர் என இரு பிரிவுகள் உண்டு. எத்தசைக்கு இன்னும் பலம் இருக்கிறது, எதனை இடம்மாற்றலாம் என்பதைச் சத்திரசிகிச்சை நிபுணருக்கு இது காட்டுகிறது.

1981 இல் அமெரிக்க நிபுணர் ஜேம்ஸ் ஹவுஸும் அவரது சகாக்களும் உள்ளங்கைக்குள் மடியும் பெருவிரலை நான்கு வகைகளாகப் பிரித்தனர். அத்துடன் பாதிக்கப்பட்ட கையின் பயன்பாட்டை 0 முதல் 8 வரை ஒன்பது படிகளாக வரிசைப்படுத்தினர். 0 என்பது கையைப் பயன்படுத்தாத நிலை. 8 என்பது எண்ணிப் பாராமலே முழுமையாகப் பயன்படுத்தும் நிலை. இடையில், மற்றக் கை எடுத்து வைத்த பொருளை அசையாமல் வைத்திருப்பது, தானாகவே பற்றிக்கொள்வது எனப் படிப்படியான நிலைகள் உள்ளன.

கண்ணால் பார்த்துக் கணிப்பது ஆளுக்கு ஆள் வேறுபடலாம் அல்லவா? இதனால் இப்போது அசைவு ஆய்வுகூடங்களும் இப்பணியில் இணைந்துள்ளன. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்துறையில் குறிப்பிடத்தக்கவர்கள். பிள்ளையின் உடற்பகுதி, மேற்கை, முன்கை, கை ஆகியவற்றில் ஒளியைத் தெறிக்கும் சிறு குமிழ்களை ஒட்டுகிறார்கள். பிள்ளை கதிரையில் அமர்ந்து முன்னே உள்ள பொருளை எட்டி எடுக்கும், கையை வாய்க்குக் கொண்டுசெல்லும். சுற்றியுள்ள கமெராக்கள் குமிழ்களைப் பின்தொடர்ந்து, ஒவ்வொரு கணத்திலும் ஒவ்வொரு மூட்டின் கோணத்தையும் கணினிக்குத் தருகின்றன. முழங்கை நீளாத பிள்ளை உடலையே முன்னே சாய்த்துப் பொருளை எட்டுவதை இவ்வாறு துல்லியமாக அளக்கலாம். கண்ணுக்குக் கைக்கோளாறாகத் தெரிவதில் எவ்வளவு தோளினது, எவ்வளவு மணிக்கட்டினது என்பதைப் பிரித்தறிய இது உதவுகிறது.

மூன்றாவது கேள்வி: அன்றாட வாழ்வில் கை என்ன செய்கிறது?

மேற்கூறிய முறைகள் கையை ஒரு பொறியாக நோக்குகின்றன. அது அவசியமே. ஆனால் பிள்ளையின் தாய்க்கு 20 பாகை என்பதால் என்ன விளங்கும்? "என் பிள்ளை தானே சாப்பிடுமா, தானே உடுத்துமா?" என்பதல்லவா அவரது கேள்வி?

இக்கேள்விக்கு ஏற்ற வகைப்பாடு சுவீடனில் உருவானது. ஆன்-கிறிஸ்டின் எலியாசனும் அவரது சகாக்களும் 2006 இல் வெளியிட்ட 'கைத்திறன் வகைப்பாட்டு முறைமை' சுருக்கமாக 'மெக்ஸ்' எனப்படுகிறது. 4 முதல் 18 வயது வரையானோருக்கு உரிய இம்முறையில் ஐந்து நிலைகள் உள்ளன.

முதலாம் நிலை: பொருட்களை இலகுவாகக் கையாள்வார். மிகுந்த வேகமோ நுட்பமோ தேவைப்படும் வேலைகளில் மட்டும் சிறு சிரமம் இருக்கலாம்.

இரண்டாம் நிலை: பெரும்பாலான பொருட்களைக் கையாள்வார். ஆனால் வேகமோ நேர்த்தியோ சற்றுக் குறையும். தனக்கென வேறு வழிகளைக் கண்டுபிடித்துக்கொள்வார்.

மூன்றாம் நிலை: சிரமத்துடன் கையாள்வார். யாராவது முன்கூட்டி ஆயத்தம் செய்துகொடுத்தால், அல்லது வேலையைச் சற்று மாற்றியமைத்தால், தானே செய்வார்.

நான்காம் நிலை: இலகுவான சில பொருட்களை மட்டும், அதற்கென ஒழுங்குசெய்யப்பட்ட சூழலில் கையாள்வார். தொடர்ந்து உதவி தேவைப்படும்.

ஐந்தாம் நிலை: பொருட்களைக் கையாள முடியாது. எளிய செயல்களுக்கும் முழு உதவி வேண்டும்.

பார்வைக்கு எளிமையான இப்பட்டியலில் சில ஆழமான முடிவுகள் பொதிந்துள்ளன. ஒன்று, வலக்கை இத்தனை, இடக்கை இத்தனை எனத் தனித்தனியே புள்ளியிடப்படுவதில்லை. இரு கைகளும் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதே நோக்கப்படுகிறது. நாம் பர்தாவுக்கு ஊசி குத்தும்போது ஒரு கை துணியைப் பிடிக்கிறது, மறு கை குத்துகிறது. இதில் எக்கை முக்கியம் என்று யாரால் சொல்ல முடியும்? இரண்டு, வைத்தியரின் அறையில் ஒருமுறை முயன்று காட்டும் உச்சத்திறன் அல்ல, வீட்டிலும் பாடசாலையிலும் வழக்கமாகச் செய்வதே கணக்கில் எடுக்கப்படுகிறது. மூன்று, பிள்ளையை நன்கு அறிந்தவரிடம் கேட்டே நிலை தீர்மானிக்கப்படுகிறது.

மூன்றாவது விடயம் என்னைப் பெரிதும் கவர்ந்தது. இம்முறை நம்பகமானதா என்பதை அறிய 168 பிள்ளைகளைச் சிகிச்சையாளர்கள் இருவர் இருவராகத் தனித்தனியே வகைப்படுத்தினர். 25 பெற்றோர்களின் கணிப்பும் சிகிச்சையாளர்களின் கணிப்பும் ஒப்பிடப்பட்டன. இரண்டும் மிக நெருக்கமாகப் பொருந்தின. அதாவது, பிள்ளையை நாள்தோறும் பார்க்கும் தாயின் சொல் நிபுணரின் சொல்லுக்கு ஈடாக நின்றது.

வலக்கை இயங்காதபோது

எனது சாச்சியின் மகளுக்கு வயது ஒன்பது. அவளது வலக்கையும் வலக்காலும் இறுக்க வகைப் பெருமூளை வாதத்தால் பாதிக்கப்பட்டவை. பல வருடங்களாகச் சாச்சி கேட்டது "இந்தக் கை சரிவராது" என்ற ஒரே வார்த்தையைத்தான். ஒருநாள் ஒரு தொழில்வழிச் சிகிச்சையாளர் வேறு விதமாகக் கேட்டார். "காலையில் எழும்பியதிலிருந்து பாடசாலைக்குப் போகும்வரை மகள் தானாக என்னென்ன செய்கிறா?" சாச்சி சொல்லச் சொல்லப் பட்டியல் நீண்டது. தண்ணீர்ப் போத்தலைத் தொடைகளுக்கு இடையில் வைத்து இடக்கையால் திறக்கிறாள். அப்பியாசக் கொப்பி நகராமல் வலக்கை முட்டியால் அழுத்திக்கொண்டு இடக்கையால் எழுதுகிறாள். குர்ஆனை ரேஹாலில் வைத்து இடக்கையால் பக்கம் புரட்டுகிறாள். "அப்படியென்றால் இரண்டாம் நிலை" என்றார் அவர். 'சரிவராத' அந்த வலக்கை உண்மையில் நாள் முழுவதும் வேலை செய்துகொண்டிருந்தது. அதன் வேலை பிடிப்பதன்று, அழுத்தி வைப்பது. அதற்குப் பின்னர் சிகிச்சையும் அவ்விடத்திலிருந்தே தொடங்கியது. அழுத்தி வைக்கும் கையைப் பிடிக்கும் கையாக்குவதே இப்போதைய பயிற்சி.

எமது சமூகத்தில் இப்பிள்ளைகளுக்கு இன்னுமொரு சோதனை உண்டு. வலக்கையால் உண்பது நமக்குச் சுன்னத். வலக்கை இயங்காத பிள்ளை இடக்கையால் உண்ணும்போது, காரணம் அறியாதோர் முகம் சுளிக்கின்றனர். ஒரு கலியாண வீட்டில் சஹனில் அமர்ந்திருந்த இச்சிறுமியிடம் "சோத்தக் கையால சாப்பிடுங்க மகள்" என்று ஒரு பெரியவர் மீண்டும் மீண்டும் சொல்ல, அவள் உண்ணாமலே எழுந்துவிட்டாள். தகுந்த காரணம் உள்ளவருக்கு இதில் விதிவிலக்கு உண்டென்பதை மார்க்க அறிஞர்கள் தெளிவாகவே கூறியுள்ளனர். வுழூவிலும் தொழுகையிலும் இயலாதவர்களுக்குச் சலுகை வைத்திருக்கும் மார்க்கம் நமது மார்க்கம். மார்க்கம் தந்த சலுகையை நாம் ஏன் ஒரு சிறுமிக்கு மறுக்க வேண்டும்? பலவீனமான கைக்குப் பயிற்சி கொடுப்பதற்காக நல்ல கைக்கு உறை மாட்டி வைக்கும் ஒரு சிகிச்சை முறை உண்டு. ஆனால் அது குறித்த காலத்துக்கு, சிகிச்சையாளரின் மேற்பார்வையில், விளையாட்டைப் போல நடத்தப்படுவது. பலர் முன்னிலையில் பிள்ளையைக் கூச வைப்பது சிகிச்சை ஆகாது.

வகைப்பாடு சொல்லாதவை

கையின் நிலையைக் கொண்டு அறிவின் நிலையை அளக்க முடியாது. இதற்கு அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1932 இல் பிறந்த கிறிஸ்டி பிரவுண் சிறந்த சான்று. அவருக்கு இருந்தது விருப்பமின்றி அசையும் வகைப் பெருமூளை வாதம். கைகளால் எதையும் செய்ய இயலவில்லை, பேச்சும் தெளிவில்லை. அவருக்கு மூளை வளர்ச்சி இல்லை என வைத்தியர்கள் கூறியும் தாய் ஏற்கவில்லை. ஐந்து வயதளவில் ஒருநாள் தன் சகோதரியிடமிருந்த சோக்கை இடது பாதத்தால் பற்றி அவர் கோடு கீறினார். தாய் அந்தப் பாதத்துக்கே எழுத்துக்களைக் கற்பித்தார். 1954 இல் வெளியான 'எனது இடது பாதம்' என்ற அவரது சுயசரிதை உலகெங்கும் வாசிக்கப்பட்டது. அவரது கைகளை மட்டும் பார்த்தவர்கள் கண்டது ஓர் இயலாத பிள்ளையை. தாயோ ஓர் எழுத்தாளரைக் கண்டார்.

அதேபோல் காலின் நிலையும் கையின் நிலையும் ஒன்றல்ல. நடப்பதற்கும் 1997 இல் கனடாவில் வெளியான ஐந்து நிலை வகைப்பாடு ஒன்று உண்டு. நன்றாக நடந்துவரும் ஒரு மாணவிக்குச் சேர்ட் பொத்தானைப் பூட்டுவது பெரும்பாடாக இருக்கலாம். சக்கரக் கதிரையில் வரும் ஒரு மாணவி அழகாக எழுதலாம். ஒன்றைக் கண்டு மற்றதை ஊகிப்பது பிழையாகும்.

நாம் செய்யக்கூடியது

வகைப்பாடு என்பது மனிதரைப் பெட்டிகளில் அடைப்பது எனச் சிலர் கூறுவர். பயன்படுத்துவோரைப் பொறுத்து அது உண்மையாகவும் ஆகலாம். ஆனால் கொழும்பில் ஒரு சிகிச்சையாளர் 'மூன்றாம் நிலை' என எழுதினால், மட்டக்களப்பில் உள்ளவர் அதே பொருளைப் புரிந்துகொள்கிறார். வருடாவருடம் வகுப்பு மாறும்போது புதிய ஆசிரியையும் புரிந்துகொள்கிறார். "கை ஏலாத பிள்ளை" என்ற ஒற்றைச் சொல்லில் இவற்றுள் எதுவும் இல்லை.

ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் 6 உலகப் பெருமூளை வாத தினமாக நினைவுகூரப்படுகிறது. அந்த ஒரு நாளுக்கு மட்டுமன்றி எந்நாளுக்கும் பொருந்தும் ஒரு பாடத்தை மெக்ஸ் முறை எமக்குக் கற்பிக்கிறது. இரண்டாம் நிலையில் உள்ள ஒரு சகோதரிக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் நேரம் மட்டுமே. அவளது கையிலிருந்து போத்தலைப் பறித்துத் திறந்து கொடுப்பது உதவியன்று. மூன்றாம் நிலையில் உள்ளவளுக்குத் தேவை ஆயத்தம். கொப்பி நகராதிருக்க மேசையில் ஒரு விரிப்பு, ஊசி குத்தத் தேவையில்லாதவாறு தைத்த பர்தா, மூடி தளர்த்தி வைத்த போத்தல் போன்றன போதும். நான்காம், ஐந்தாம் நிலைகளில் உள்ளோருக்கு நாம் கை கொடுக்க வேண்டும். ஆனால் எதை, எப்போது, எப்படி என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவர்களுடையதாகவே இருக்க வேண்டும்.

எமது வகுப்பறைக்கு அப்படி ஒரு சகோதரி வந்தால், "உங்கட கைக்கு என்ன?" என்று கேட்பதை விட்டு, "இதை நீங்க எப்படிச் செய்வீங்க? நான் எதை ஆயத்தமாக வைக்கட்டும்?" என்று கேட்போம்.